பாயின் காரும் என் வீட்டுக்காரர் காதும்

திருவொற்றியூரில் எங்கள் பட்டறை வாசலில் நின்று பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது. எதிரே கண்டெய்னர் யார்டு. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு மனிதர் எதைச் சொன்னாலும் மறுபடி "இன்னா?" என்று கேட்டால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வீட்டிலும் கேட்க ஆரம்பித்தார். பக்கத்திலேயே செல்போன் அடித்துக்கொண்டிருக்கும், மனுஷன் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆனால் தெருக்கோடியில் டிரெய்லர் ஹாரன் அடித்தால் தலை திரும்பும். கனத்த சத்தமெல்லாம் கேட்கிறது, கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் கேட்கவில்லை என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. ஒரு நாள் மனசில் வைத்துக்கொள்ள முடியாமல், "யோவ், உனுக்குக் காது மந்தமாய்கினு வருது, டாக்டராண்ட போலாமா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. எண்ணூரிலிருந்து மணலி வரை டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் அவரைத் தேடி வருவது அவர் காதுக்காகத்தான். ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி வைத்திருக்கிறார். ஒரு முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, மறு முனையைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது இன்ஜெக்டர் ஒழுகுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் ஒழுகும். அவரிடம் போய் உனக்குக் காது போகிறது என்று சொல்வது, தையல்காரரிடம் கண் போகிறது என்று சொல்வது மாதிரி. அதனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தெருவையே கேட்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் பாய் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம். காலையிலிருந்து நைட்டித் துணியைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் சாது மனிதர். பீடி சிகரெட் கிடையாது, வெட்டி அரட்டை கிடையாது. அவருடைய ஒரே பைத்தியம் இந்தக் கார். ஜப்பான்காரன் செய்தது. இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், தரையோடு தரையாகத் தவழ்கிற ஸ்போர்ட்ஸ் கார். யாரோ வைத்திருந்ததைப் பல வருஷம் துரத்தி வாங்கியிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கிற ரேஸ் டிராக்கில் ஒரு தடவையாவது அதைக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும், அதுவும் அவருடைய தோஸ்துகளின் புதுக் கார்களுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. அதற்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சூப்பர்சார்ஜர் வரவழைத்திருந்தார். மரப்பெட்டியில், கப்பலில், எங்கள் கண் முன்னால் போகிற ஏதோ ஒரு கண்டெய்னரில் வந்திறங்கிய சாமான்.

அவர் நேராக என்னிடம்தான் பேசினார். காரணம், லேப்டாப் என் கையில் இருந்தது. கல்யாணமான புதிதில் நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடவே என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். பட்டறையில் யாராவது ஒருத்தர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், நான் கற்றுக்கொண்டேன். இன்ஜினுக்கு எந்த வேகத்தில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும், எப்போது பொறி விழ வேண்டும் என்பதை எழுதிவைத்திருக்கிற மேப்பை மாற்றி எழுதுவது என் வேலை. பாயின் இன்னொரு வண்டி, ஒரு டீசல் வண்டி, என் கையால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையில் வந்தார்.

"அக்கா, ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன்," என்றார். "இந்த இன்ஜின் போச்சுனா வேற இன்ஜின் எனுக்குக் கெடையாது. இங்க யாராண்டயும் இல்ல. அப்பால கார வூட்டு வாசல்ல நிறுத்திவெச்சு பாத்துகினு ஒக்கார வேண்டியதுதான்."

"போகாது பாய்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் அதற்குள் பெட்டியைப் பிரித்து, அந்தச் சாமானைக் கையில் தூக்கி, குழந்தையைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நத்தை ஓடு மாதிரி சுருண்ட அலுமினியக் கூடு, உள்ளே இறக்கைகள். "இத்த நான் தெனமும் பிரிச்சுகினுதானே கீறேன்? டர்போவுல பாதி இது. அது பொகையில சுத்தும், இது பெல்ட்டுல சுத்துது. அவ்ளோதான்!"

விஷயம் அவ்வளவேதான். இன்ஜின் தானாக மூச்சு இழுப்பதற்குப் பதிலாக, பெல்ட்டில் சுற்றுகிற இந்த விசிறி காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று அதிகமானால் பெட்ரோலையும் அதிகமாக ஊற்றலாம், சக்தி கூடும். ஆனால் பெட்ரோல் இன்ஜினில் இதற்கு ஓர் ஆபத்து உண்டு. உள்ளே சூடு மிஞ்சினால் பொறி எரிக்க வேண்டிய பெட்ரோல் தானாகவே வெடிக்கும். பட்டறைகளில் நாக்கிங் என்பார்கள். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் ஒரு சுத்தியல் அடி. கொஞ்ச நேரம் விட்டால் பிஸ்டன் உடைந்துவிடும். அந்த வெடிப்பு வருகிறது என்பதற்கு ஒரே எச்சரிக்கை ஒரு மெல்லிய சத்தம். டிக் டிக் என்று, கண்ணாடி வளையல் ஒன்றோடு ஒன்று மோதுகிற மாதிரி. காதைத் தீட்டிவைத்துக்கொண்டு, அது கேட்ட நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

அந்த மாதிரி மெல்லிய சத்தம்தான் என் வீட்டுக்காரருக்குக் கேட்காத சத்தம். பாய்க்கு இருப்பது ஒரே ஒரு இன்ஜின், எனக்கு இருப்பது ஒரே ஒரு புருஷன். இரண்டும் ஒரே வேலையில் வந்து மாட்டிக்கொண்டன.

வேலை என்னவோ கல்யாண வீடு மாதிரிதான் நடந்தது. முன் பம்பரைக் கழற்றி, காற்றைக் குளிரவைக்கிற ரேடியேட்டரை வைத்து, பைப்புகளை ஓட்டி, பெட்ரோலைப் பீச்சுகிற பெரிய இன்ஜெக்டர்களைப் போட்டோம். சூப்பர்சார்ஜரோடு பெட்டியில் வந்த தாங்கியை மாட்டியதும் என் வீட்டுக்காரர் ஒரு பட்டை ஸ்கேலை எடுத்து பெல்ட் ஓடுகிற சக்கரங்களின் மேல் வைத்துப் பார்த்தார். "நூல் அளவு உள்ள தள்ளி கீது. பெல்ட் தின்னுடும்," என்றார். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. அமெரிக்காக்காரன் தப்பாகவா செய்திருப்பான் என்றேன். அவர் என்னோடு வாதாடாமல் காலடிப்பேட்டை லேத் பட்டறைக்குப் போய் மெல்லிய வாஷர் கடைந்து வாங்கிவந்து கொடுத்தார். போட்டபின் பெல்ட் துளி நடுக்கமில்லாமல் ஓடியது. அந்த ஆளின் கண்ணும் கையும் அப்படி. அதை நான் மனசார ஒப்புக்கொள்வேன்.

என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஒரு துண்டு செம்புக் குழாய் வாங்கி, ஒரு முனையைத் தட்டையாக்கித் துளை போட்டு இன்ஜின் பிளாக்கில் திருகினேன். மறு முனையில் ரப்பர் டியூப், அதன் முடிவில் காதை மூடுகிற கவசம். கவசத்துக்குள் ஒரு குட்டி மைக்கும் வைத்து லேப்டாப்பில் இணைத்தேன். இன்ஜினுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் இருக்கசொல்ல இது இன்னாத்துக்குமே?"

"இருக்கட்டும்யா. நாளைக்கு நீ ஊருக்குப் போனா?" என்றேன். எந்த ஊருக்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பட்டறை வாசலில் நின்று இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். டீசல் மாதிரி இல்லை, பெட்ரோலில் எல்லாம் தலைகீழ். டீசல் இன்ஜினில் கரும்புகை வந்தால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், குறைத்தால் சூடு இறங்கும். பெட்ரோல் இன்ஜினில், அதுவும் காற்றை அமுக்கி அனுப்புகிற இன்ஜினில், கொஞ்சம் கூடுதலாக ஊற்றுகிற பெட்ரோல்தான் உள்ளே குளிர்ச்சி கொடுக்கிறது. குறைத்தால் சூடு ஏறும், நாக்கிங் வரும். விலாவாரியாகச் சொன்னேன். அவர், "சரி, சரி," என்று தலையாட்டினார். பின்னால் ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நான் கற்பூரம் காட்ட, பாய் பிஸ்மில்லா சொல்லி இன்ஜின் பட்டனை அழுத்த, வண்டி முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. ஆனால் மேப்பைச் சரிபார்க்காமல் அதை மிதிக்கக் கூடாது. ரோட்டில் வைத்துப் பார்க்கிற வேலையும் இல்லை இது. மாதவரத்தில் ஒருவர் டைனோ வைத்திருக்கிறார். தரையில் பதித்த உருளைகள் மேல் வண்டியின் பின்சக்கரங்களை ஏற்றி, வண்டியைச் சங்கிலியால் கட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டலாம். ஒரு பகல் முழுக்க அதை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டில். நான் பக்கத்தில், மடியில் லேப்டாப், காதில் கவசம். முன்னால் ஆள் உயர ஃபேன் புயலாகச் சுற்றியது. காலை முழுக்க அருமையாகப் போனது. கொஞ்சம் மிதிப்பார், நான் திரையில் ஓடுகிற கோடுகளைப் பார்ப்பேன், நிறுத்துவோம், மாற்றி எழுதுவேன், மறுபடி மிதிப்பார். பாய் வெளியே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பாதுகாப்புக்காக நான் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தேன். அதனால் பின்னால் புகைக்குழாயில் லேசாகக் கரும்புகை வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிரியாணி சாப்பிட்டு, கை கழுவி, நான் திரும்பி வந்தபோது அவர் எனக்கு முன்னாலேயே சீட்டில் உட்கார்ந்திருந்தார். கவசத்தை மாட்டினேன். அவர் மிதித்தார். உருளைகள் அலறின. மீட்டர் முள் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தபோது என் வலது காதில் விழுந்தது.

டிக்.

பிறகு இரண்டு. பிறகு சரசரவென்று.

"நிறுத்து!" என்று கத்தினேன். அவர் கண் மீட்டர் முள்ளிலேயே இருந்தது. கால் அழுத்தியபடி இருந்தது. "யோவ், நிறுத்துயா! நிறுத்து!" என் பக்கத்தில், என் தோள் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு நான் கத்துவது கேட்கவில்லை. எட்டி இன்ஜின் பட்டனை அழுத்திப் பிடித்தேன், மறு கையால் அவர் தொடையில் ஓங்கி அறைந்தேன். இன்ஜின் அணைந்தது. உருளைகள் மெதுவாகச் சுற்றி நின்றன.

"இன்னாமே? இன்னா ஆச்சு?"

"நாக்கிங்! கேக்கல உனுக்கு?"

"ஒன்னும் இல்லியே. நான் கேட்டுகினுதானே இருந்தேன்?"

லேப்டாப் திரையில் கோடுகளைப் பார்த்தேன். காலையில் இருந்ததைவிடப் பெட்ரோல் ரொம்பக் குறைவாகப் போயிருந்தது. மேப்பை நான் தொடவில்லை. அப்படியென்றால் ஒன்றே ஒன்றுதான். சூப்பர்சார்ஜரோடு வந்த சாமான்களில் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் உண்டு, அதன் தலையில் ஒரு திருகாணி.

"ரெகுலேட்டர யார் தொட்டது?"

"நான்தான்," என்றார், கொஞ்சமும் அசராமல். "கரும்பொக கக்கிச்சுல்ல? நீ கை கழுவப் போனப்போ அரைத் திருகு கொறச்சு உட்டேன். சூடு எறங்கும்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாது. "பெட்ரோல்ல கொறச்சா சூடு ஏறும்னு படிச்சு படிச்சு சொன்னேனேயா! வாசல்ல நின்னுகினு சொன்னேனே, சரி சரின்னியே!"

அவர் என்னைப் பார்த்தார். "எப்பமே சொன்ன?"

அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னது எதுவுமே அவருக்குக் கேட்டிருக்கவில்லை. என் வாய் அசைவதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். இப்படி எத்தனை நாளாக, எத்தனை பேரிடம் தலையாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

பிளக்குகளைக் கழற்றினோம். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள், நாக்கிங் விட்டுப்போன தடயம். பாயின் முகம் வெளுத்துவிட்டது. டைனோக்காரர் மெல்லிய கேமராவை அந்த ஓட்டை வழியாக இறக்கினார். திரையில் பிஸ்டன் தலை தெரிந்தது. நால்வரும் குனிந்து பார்த்தோம். விரிசல் இல்லை, பள்ளம் இல்லை. தப்பித்தது. பாய், "அல்ஹம்துலில்லா," என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மேலே போயிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர், "இருந்தாலும் சத்தம் ஒன்னும் வரலியே," என்றார். அதில் வீம்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. நான் லேப்டாப்பைத் திருப்பி, மைக் பிடித்துவைத்திருந்த சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டேன். டிக், டிக், சரசர. டைனோக்காரர் முகம் சுளித்தார்.

"கேக்குதா பாய்?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "எனுக்கும் ஒன்னும் கேக்கல நைனா."

அந்த மரியாதை என்னைச் சுட்டுவிட்டது. தன் ஒரே இன்ஜின் உடையப் பார்த்த நேரத்தில், ஒரு பெரிய மனுஷன் தலைகுனியக் கூடாதென்று வாய்கூசாமல் பொய் சொல்கிறார்! நல்ல மனசு, யார் இல்லை என்றது? ஆனால் இந்த நல்ல மனசுதான் இத்தனை நாளும் இந்த ஆளைக் கெடுத்துவைத்திருக்கிறது. டிரைவர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள், நான், எல்லாருமே. "பாய், நீ சும்மா இரு," என்றேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கிவிட்டால் பொம்பளை பாடுகிற பாட்டு ஆம்பளைக் குரலில் இழுத்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி. சத்தத்தை மெதுவாக ஓட்டினால் மெல்லிசானது கனத்துவிடும். கனத்த சத்தம் இவருக்குக் கேட்கும். பாதி வேகத்தில் போட்டேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். கால்வாசி வேகத்தில் போட்டேன்.

டொக். டொக். டொக் டொக் டொக்.

அவர் கை தானாக ஸ்பீக்கரை நோக்கி நீண்டது. "மறுபடி போடு." போட்டேன். "மறுபடி." போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் உதடு அசைந்தது.

"இதுவாமே?" என்றார். "இது இன்ஜின்ல அடிச்சுகினு இருந்துச்சா? நான் அழுத்திகினு இருந்தேனா?"

"ஆமாம்யா."

ஓரத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே, பாயைப் பார்த்துப் பேசினார். "ரொம்ப நாளாவே இப்டிதான் பாய். கம்பிய காதுல வெச்சுக்கறேன், ஆனா காதால ஒன்னும் சொல்றதில்ல. கைக்கு அதிர்வு தெரியுது. டிரைவராண்ட நாலு கேள்வி கேப்பேன். அத்த வெச்சுதான் சொல்லிகினு கீறேன். காது இல்லாத மெக்கானிக்காண்ட யார் வருவா, சொல்லு?" பிறகு, "வண்டிய வேற எங்கனா எடுத்துகினு போறதுனா போ. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்," என்றார்.

பாய் என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த பெல்ட்டு நூல் அளவு தள்ளி கீதுனு கண்ணால பாத்து சொன்னியே நைனா," என்றார் பாய். "அத்த வேற எவன் பாத்திருப்பான்? சத்தம் கேக்கறதுக்கு அக்கா கீது. எந்திரி, முடிச்சுக் குடு."

அவர் எழுந்து போய் ரெகுலேட்டரின் திருகாணியைத் தானே பழைய இடத்துக்குத் திருப்பினார். மீட்டரைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பிறகு சீட்டில் ஏறுவதற்கு முன்னால், "நீ கத்துனா எனுக்கு வராது. கையக் காட்டு," என்றார். யார்டில் கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிறவருக்குக் கீழே நிற்கிற ஆள் கையால்தான் பேசுவார். அந்த இரைச்சலில் வேறு வழி கிடையாது. கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு. உள்ளங்கை கீழே என்றால் மெதுவாக இறக்கு. மூடிய முஷ்டி என்றால் அப்படியே நிறுத்து. எங்கள் பட்டறை வாசலில் நின்று தினமும் பார்க்கிற பாஷை அது, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எங்களுக்குள் பேசிக்கொள்ள அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷத்தில் தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

சாயங்காலம் வரை அப்படியே ஓட்டினோம். என் கை அவர் கண்ணெதிரே, கண்ணாடிக்கு முன்னால். கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். ஒரே ஒரு தடவை முஷ்டி காட்டினேன். அதுவும் சந்தேகத்துக்காக. காட்டிய நொடியில் கால் எழுந்துவிட்டது. மூன்றாவது ஓட்டத்துக்குள் எனக்குப் பயம் போய்விட்டது. கடைசி ஓட்டத்தில் முள் சிவப்புக்கோடு வரை ஏறியது. என் காதில் இன்ஜினின் கனத்த முழக்கத்தைத் தவிர எதுவும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பாய் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது.

டிராக்கில் அவர் ஓட்டிய நாளில் நாங்கள் போகவில்லை. வீடியோ அனுப்பினார். தோஸ்துகளில் ஒருவரை முந்தினார், இன்னொருவர் அவரை முந்தினார். திரும்பி வரும்போது இன்ஜின் அப்படியே கல் மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் அவர் சொல்லி இன்னொருவர் ஒரு வெள்ளைக் காரோடு வந்தார். இப்போதெல்லாம் புதிதாக வருகிற எவரிடமும் என் வீட்டுக்காரர் முதலில் சொல்வது இதுதான்: "என் மூஞ்சியப் பாத்துப் பேசுப்பா, காது கொஞ்சம் கம்மி." டிரெய்லர் டிரைவர்களிடமும் சொல்லிவிட்டார். ஒருவர்கூட வராமல் போகவில்லை. ஒருத்தர், "அட, எனுக்குந்தான் நைனா!" என்று தன் காதைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

காது டாக்டரிடமும் அவராகவேதான் வந்தார். ராயபுரத்தில் ஒரு சின்னக் கிளினிக். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் டக் டக்கென்று அழுத்தினார். பிறகு சோதனை செய்கிற அம்மா எதையோ திருப்பிக்கொண்டே போக, இவர் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போன காது திரும்ப வராது என்றார் டாக்டர். ஆனால் காது மிஷின் வைத்தால் முக்கால்வாசி கேட்கும், மிச்சமிருக்கிற காதைப் பட்டறைச் சத்தம் படாமல் பத்திரமாக மூடிவைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மிஷினைக் கையில் வாங்கியதும் என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய் காருக்குப் போட்ட மாதிரிதானே? உள்ள போறத அமுக்கி அனுப்புது," என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பாட்டுத்தான். ஆட்டோ ஹாரன் ஊசியால் குத்துகிறதாம். பாலிதீன் பை இவ்வளவு சத்தம் போடுமா என்றார். "இன்னாமே இது, ஊரே இவ்ளோ பேஜாராவா கீது?" என்று எரிந்துவிழுந்தார். கழற்றி வீசிவிடுவாரோ என்று பயந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எதுவும் பேசாமல் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் மீன் குழம்பைச் சூடுபண்ணிவிட்டு, எப்போதும் போலக் கூப்பிட்டேன்: "யோவ், கொழம்பு சூடா கீது! சாப்ட வா!"

"இன்னாத்துக்குமே கத்துற?" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "கேக்குதுல்ல?"

கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். கத்தாமல் அவரிடம் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை. என் தொண்டை அந்த உயரத்திலேயே இறுகிப்போயிருந்தது, அதை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியவில்லை. ஒரு தரம் எச்சிலை விழுங்கிக்கொண்டேன். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னேன்.

"கொழம்பு சூடா கீது."

"கீதா? போடு, வர்றேன்," என்றார்.